தங்கள் வேலைக்கே விண்ணப்பித்த சாரதிகள்

புதிதாக லைசன்ஸ் எடுத்துக் கனடாவில் குடிவரவு ஆலோசகர்களாக உட்கார்ந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களில் ஒருவர் போன கிழமை எனக்குத் தொலைபேசி எடுத்து, "அன்ரி, ட்ரக் டிரைவர்மாருக்கு எல்.எம்.ஐ.ஏ. போடேக்க சம்பளம் எழுதுற இடத்தில ஏதும் டிப்ஸ் இருக்கோ?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். படிவம் நிரப்புவதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நான் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு ரூஜ் பகுதியில் மகன் வீட்டுக்குப் பக்கத்தில் வந்து குடியேறிய பிறகு அது எத்தனையோ தடவை மாறிவிட்டது. அதற்கு அரசாங்கத்தின் இணையதளம் இருக்கிறது. ஆனால் அந்த ஓர் இடத்தில் எழுதிய சம்பளம் ஒரு கொம்பனியை எப்படிப் புரட்டிப் போட்டது என்று நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதைச் சொல்கிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அறுபது வயது தாண்டியவளுக்கு அதை மறைத்துவைக்க வேண்டிய அவசியம் இல்லை.

விதி உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் இதை வாசிக்கும் வேறு யாருக்காவது சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுச் சாரதி ஒருவரை வேலைக்கு எடுக்க ஒரு முதலாளி அரசாங்கத்திடம் முதலில் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியைத்தான் எல்.எம்.ஐ.ஏ. என்கிறோம். அதற்குக் கேட்கும்போது, அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு நடப்பில் உள்ள சம்பளத்தைக் கொடுப்பதாக எழுத வேண்டும். அந்தக் கொம்பனியில் அதே வேலை செய்கிறவர்கள் அதைவிடக் கூட வாங்கினால், அந்தக் கூடின சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். அதற்கும் முன்னால், அதே சம்பளத்தைப் போட்டு, இங்கே இருக்கிறவர்கள் யாராவது வருகிறார்களா என்று ஊரறிய விளம்பரம் செய்ய வேண்டும். இவ்வளவுதான் விதி.

என் கதை யோகன் என்பவரின் கொம்பனியில் நடந்தது. ஒஷாவாப் பக்கம் ட்ரக் நிறுத்தும் ஒரு யார்ட், பத்துப் பெரிய ட்ரக், வாகன உதிரிப்பாகங்களைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்றி இறக்கும் வேலை. யாழ்ப்பாணத்தில் இருந்து வெறும் கையோடு வந்து ஒரு பழைய ட்ரக்கில் தொடங்கியவர். நல்ல உழைப்பாளி. கோபம் சட்டென்று வரும், சட்டென்று போகும். அவருடைய சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று பாதிப் பேருடைய அலுவல்கள் என்னிடம்தான் வந்தன. அவர் முகம் கோணினால் என்னுடைய வாடகைக்கே சிக்கல் என்ற நிலைமை.

ஒருநாள் அவர் ஸ்காபரோவில் இருந்த என் அலுவலகத்துக்கு இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். செல்வகுமார் என்று பெயர். தமிழ்நாட்டில் சங்ககிரிக்காரர். இந்தியாவில் பதினெட்டு வயதிலிருந்து லாரி ஓட்டி, பிறகு இங்கே வந்து முறைப்படி பெரிய ட்ரக் லைசன்ஸ் எடுத்து, ஒரு கொம்பனியில் வேலை அனுமதியோடு ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்தக் கொம்பனியை மூடிவிட்டார்கள். அவருடைய அனுமதி முடியச் சில மாதங்கள்தான் இருந்தன. யோகனின் யார்டிலோ இரண்டு ட்ரக் ஓட்ட ஆளில்லாமல் நின்றன. இருவருக்கும் ஒருவரையொருவர் தேவை.

"அக்கா, ஆள் தங்கமான ஆள். ஓட்டிப் பார்த்திட்டன். கெதியாப் பேப்பரைப் போடுங்கோ" என்றார் யோகன்.

அந்த வட்டாரத்தின் நடப்புச் சம்பளம் என்ன என்று கணினியில் எடுத்துக் காட்டினேன். யோகனின் முகம் மாறியது.

"இவ்வளவோ? நான் என்ர ஆக்களுக்கே உவ்வளவு குடுக்கிறேல்ல."

அப்போதே எனக்குள் ஒரு மணி அடித்தது. யோகனின் பழைய சாரதிகள் நடப்புச் சம்பளத்தை விட மணிக்கு ஒரு கோப்பியும் சான்ட்விச்சும் வாங்கும் காசு குறைவாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். சட்டப்படி அது குற்றம் இல்லை. குறைந்தபட்சச் சம்பளத்துக்கு மேலே அவர்களுக்கும் முதலாளிக்கும் இடையில் பேசிக்கொண்ட ஒன்று. ஆனால் வெளிநாட்டுக்காரர் ஒருவரை எடுக்க வேண்டுமென்றால் அவருக்கு நடப்புச் சம்பளத்தை விடக் குறைக்க முடியாது.

யோகன் வழி தேடினார். "வான் ஓட்டுற டெலிவரி டிரைவர் எண்டு எழுதுவம். அதுக்குக் குறையத்தானே?"

"இவர் என்னத்தை ஓட்டப்போறார்?"

"ட்ரெய்லர்."

"அப்ப ட்ரெய்லர் எண்டுதான் எழுதலாம்."

"சரி, என்ர மச்சானுக்கு வடக்கால ஒரு காணி கிடக்கு. அந்தப் பக்கம் ரேற் குறைவு. யார்ட் அங்கை எண்டு போடுவமே?"

"காலமை இவர் வேலை தொடங்குற இடம் எது?"

அப்போது அதுவரை வாய் திறக்காமல் இருந்த செல்வகுமார் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"மேடம், நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. சம்பளத்தைக் கம்மியாவே போட்டுக்கங்க. எனக்கு வேலை இருந்தாப் போதுங்க. பொண்ணு பத்தாவது படிக்கிறா. இந்த நேரத்துல நான் திரும்பிப் போய் நின்னேன்னா எல்லாம் போச்சுங்க."

முதலாளி வேண்டாம் என்கிறார், தொழிலாளியும் வேண்டாம் என்கிறார். இடையில் நான் ஏன் பிடிவாதம் பிடிக்க வேண்டும்? உங்கள் மேசைக்கு முன்னாலும் இப்படி இருவர் வந்து உட்காருவார்கள். இரக்கம்தான் உங்களைத் தவறு செய்யத் தூண்டும். பேராசை தூண்டினால் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

நான் தொழில் பழகியது ரெக்ஸ்டேலில் ஒரு வழக்கறிஞர் அம்மாவிடம். ஒருநாள் ஒரு சாப்பாட்டுக்கடை முதலாளியும் சமையல்காரரும் சிரித்துக்கொண்டே வந்து, குறைந்த சம்பளத்துக்கு இருவருக்கும் சம்மதம் என்றார்கள். அந்த அம்மா பேனையை மூடி வைத்தார். "இன்னும் ஒருவர் வர வேண்டும், வந்ததும் தொடங்கலாம்" என்றார். யார் என்று அவர்கள் விழித்தார்கள். "இந்த ஊரில் ஏற்கனவே சமைத்துக்கொண்டிருக்கிறவர்" என்றார். நான் மூலையில் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு விளங்கிக்கொண்டது பிறகு எந்த வகுப்பிலும் படித்ததை விடப் பெரிது.

செல்வகுமாரிடம் நான் சொன்னேன்: "தம்பி, உங்கட கஷ்டம் எனக்கு விளங்குது. ஆனா அந்தச் சம்பளம் நீங்கள் தனிய விட்டுக்குடுக்கிற சாமான் இல்லை. நீங்கள் குறைச்சு ஓடினா, பக்கத்து ட்ரக் ஓட்டுறவனுக்கும் சேர்த்துத்தான் குறையும்."

யோகன் எழுந்து போய்விட்டார். வேறொருவரிடம் போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு கிழமை சத்தமில்லை. அவருடைய சொந்தக்காரர்களின் அலுவல்களும் வரவில்லை. பிறகு ஒருநாள் காலை அவரே அழைத்தார். "அக்கா, நிக்கிற ரெண்டு ட்ரக்காலயும் கஸ்டமர் கத்துறான். சரி, நீங்கள் சொன்ன சம்பளத்தையே போடுங்கோ. ஒராளுக்குத்தானே, சமாளிப்பம்."

"ஒராளுக்குத்தானே" என்ற சொல் எனக்கு நெருடியது. "யோகன், இது விளம்பரத்தில வரும். உங்கட ஆக்களும் பார்ப்பினம். முதல்ல அவையளோடை கதையுங்கோ" என்றேன்.

"அவையள் உதெல்லாம் பாக்கமாட்டினம் அக்கா."

விளம்பரம் போனது. ஓட்டுநர் தேவை, இன்ன கொம்பனி, இன்ன இடம், இன்ன சம்பளம். விண்ணப்பங்கள் என் அலுவலக மின்னஞ்சலுக்கு வரும்படி செய்திருந்தேன். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்தன. லைசன்ஸ் இல்லாதவர்கள், கனடாவுக்கு வராதவர்கள், ஒருவர் தன் திருமணப் படத்தை மட்டும் அனுப்பியிருந்தார்.

ஐந்தாவதோ ஆறாவதோ நாள், ஒரு விண்ணப்பத்தைத் திறந்தேன். பெயர் தங்கராசா. ஒன்ராறியோவின் பெரிய ட்ரக் லைசன்ஸ். விபத்தில்லாத நீண்ட அனுபவம். கனடாக் குடிமகன். இதுவல்லவா ஆள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "தற்போது வேலை செய்யும் இடம்" என்ற வரியில் யோகனின் கொம்பனிப் பெயர் இருந்தது.

தங்கராசாவை எனக்குத் தெரியும். மட்டக்களப்புக்காரர். யோகனின் முதலாவது ட்ரக்கிலிருந்து அவரோடு நிற்கிறவர். யோகனை விடப் பத்து வயது மூப்பு. அவரை மகன் முறையில் ‘மனே’ என்றுதான் கூப்பிடுவார். அவருடைய மகள்தான் விளம்பரத்தைக் கண்டு தகப்பனுக்குக் காட்டியிருக்கிறாள் என்று பிறகு அறிந்தேன்.

அன்று மத்தியானத்துக்குள் இன்னொன்று வந்தது. பிறகு இன்னொன்று. அடுத்த நாள் முடிவதற்குள், யோகனிடம் வேலை செய்யும் சாரதிகள் அத்தனை பேரும், ஒருவர் விடாமல், தாங்கள் செய்துகொண்டிருக்கும் வேலைக்கே விண்ணப்பித்திருந்தார்கள்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் சிக்கல் விளங்கியது. ஒருவரைக் கூடத் தகுதியில்லாதவர் என்று நான் எழுத முடியாது. இந்த விளம்பரத்தின் நோக்கமே இப்படியான ஆட்களைத் தேடுவதுதான். அவர்கள் இருக்கும்போது வெளிநாட்டுக்காரர் தேவை என்று எந்த முகத்தோடு கேட்பது?

யோகனுக்குச் சொன்னேன். காதிலிருந்து தொலைபேசியைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"எனக்கே விளையாட்டுக் காட்டுறாங்களோ? அக்கா, உதுகளை டிலீற் பண்ணுங்கோ. வரேல்ல எண்டு விடுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

"அப்ப உவங்கள் எல்லாரையும் வேலையால நிப்பாட்டுறன்!"

"நிப்பாட்டினா நான் இந்தப் பைலை மூடிப்போட்டு உங்கட வீட்டை கொண்டுவந்து தருவன் யோகன். பிறகு மற்ற எட்டு ட்ரக்கும் சேர்ந்து நிக்கும், நீங்கள் தனிய யார்டில நிண்டு பாக்கலாம்."

யோகனின் குரல் இறங்கியது. "இப்ப என்னை என்ன செய்யச் சொல்லுறியள்?"

அந்தக் கணத்தில் எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. விளம்பரத்தை இழுத்து மூடிவிட்டு, யோகன் தன் ஆட்களுடன் பேசி முடிக்கட்டும், பிறகு புதிதாகத் தொடங்கலாம் என்று சொல்லியிருக்கலாம். பாதுகாப்பான வழி அதுதான். ஆனால் புதிதாகத் தொடங்கினால் செல்வகுமாரின் அனுமதி அதற்குள் முடிந்துவிடும். அதோடு, அவர்கள் தனியே பேசினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். யோகன் கத்துவார், அவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், ஒன்றும் மாறாது. கைக்கு வந்திருக்கும் விண்ணப்பங்களை விதி சொல்கிறபடியே மரியாதையாக நடத்துவது என்று முடிவெடுத்தேன்.

"வந்த ஆக்களை நேர்முகத்துக்குக் கூப்பிடுவம்" என்றேன். "எல்லா விண்ணப்பக்காரரையும் கூப்பிடுறமாதிரி."

"என்ர ஆக்களை நான் இன்ரர்வியூ பண்ணுறதோ?"

"ஓம். நானும் பக்கத்தில இருப்பன்."

இதற்கிடையில் செய்தி செல்வகுமாருக்கும் எட்டிவிட்டது. அவர் அழைத்தார். "மேடம், என்னால அவங்களுக்குள்ள சண்டை வேண்டாங்க. பல வருஷமா ஒண்ணா இருக்கறவங்க. நான் நேத்து வந்தவன். நான் ஊருக்கே போயிடறேங்க." நான் அவரை அதட்டினேன் என்றே சொல்ல வேண்டும். "நீங்கள் ஒருத்தற்ரை சோத்தையும் பறிக்கேல்ல. கொஞ்சம் பொறுத்திருங்கோ" என்றேன். எனக்கே அவ்வளவு நிச்சயம் இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை யார்டுக்குப் போனேன். பனி உருகி நிலம் சேறாகக் கிடந்தது. அலுவலகம் என்பது சக்கரம் கழற்றிய ஒரு பழைய ட்ரெய்லர். உள்ளே ஒரு மேசை, ஒரு சூடாக்கி, சுவரில் லட்சுமி படம் போட்ட நாள்காட்டி. மேசைக்கு அந்தப் பக்கம் யோகன் உட்கார்ந்தார், நான் அவருக்கருகில். சாரதிகள் வெளியே ட்ரக்குகளின் ஓரமாக நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

முதலில் தங்கராசா அண்ணை வந்தார். ஜீன்ஸும் தடித்த ஜாக்கெட்டும் தவிர வேறெதிலும் நான் அவரைக் கண்டதில்லை. அன்றைக்கு வெள்ளைச் சேட்டு, கறுப்புக் காற்சட்டை, கழுத்தில் டை. சேட்டில் இஸ்திரி மடிப்புத் தெரிந்தது. யோகன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அந்த டையைக் கண்டதும் நிறுத்திவிட்டார்.

வேறு எந்த விண்ணப்பக்காரரிடமும் கேட்பதையே கேட்டேன். அனுபவம், எல்லை தாண்டி ஓடியிருக்கிறீர்களா, பனியில் மலைப்பாதை ஓடியிருக்கிறீர்களா. அவர் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். பிறகு வழக்கமான அடுத்த கேள்வி வந்தது. அதைத் தவிர்க்கலாமோ என்று ஒரு நிமிடம் யோசித்தேன். தவிர்க்கவில்லை.

"இப்ப இருக்கிற வேலையை ஏன் விட நினைக்கிறியள் அண்ணை?"

"விட நினைக்கல்ல புள்ள. இப்ப இருக்கிற முதலாளி நல்ல மனிசன். என்ட மனுசி ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள ஒரு மாசம் சம்பளத்தோட லீவு தந்தவர். அவரப் பத்தி ஒரு குறையும் சொல்லமாட்டன்." அவர் யோகனைப் பார்க்காமல் என்னையே பார்த்துப் பேசினார். "ஆனா இந்த விளம்பரத்தில இருக்கிற கொம்பனி, இதே வேலைக்கு, இதே யார்டில, கூடச் சம்பளம் குடுக்குதாம். அதான் கேட்டுப் பாப்பம் எண்டு வந்த."

யோகனால் அடக்க முடியவில்லை. "அண்ணை, உதென்ன நாடகம்? என்னட்டை நேர வந்து கேட்டிருக்கலாமே!"

அப்போதுதான் தங்கராசா அண்ணை அவர் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

"கேட்டனான் மனே. மூணு தரம் கேட்டனான். மூணு தரமும் நீ மார்க்கெட் சரியில்ல எண்ட. நானும் நம்பிட்டுப் போன. இப்ப மார்க்கெட் என்ன எண்டு நீயே விளம்பரம் போட்டிருக்காய்."

யோகன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, ஜாக்கெட்டும் போடாமல் வெளியே போனார்.

தங்கராசா அண்ணை எழும்பப் பார்த்தார். நான் கையைக் காட்டி இருக்கச் சொன்னேன். ஜன்னலால் பார்த்தேன். யோகன் நின்றுபோன இரண்டு ட்ரக்குகளுக்கும் நடுவில், சேற்றுக்குள், அங்கும் இங்கும் நடந்தார். சாரதிகள் அவருக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள். பின்னால் போய் ஏதாவது சொல்லலாம் என்று எனக்குக் கால் பரபரத்தது. போகவில்லை. அந்த நேரத்தில் நான் எதைச் சொன்னாலும் அவர் என்னோடு சண்டை பிடிக்கத் தொடங்கியிருப்பார். தன்னோடு பிடிக்க வேண்டிய சண்டை அது. எங்கள் தொழிலில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு ஒருவரும் காசு தருவதில்லை. ஆனாலும் செய்ய வேண்டியிருக்கும்.

திரும்பி வந்தபோது அவருடைய சப்பாத்து முழுக்கச் சேறு. கோபம் இறங்கியிருந்தது. அந்த இடத்தில் பயம் வந்திருந்தது.

"எல்லாருக்கும் கூட்டினா கொம்பனி நிக்குமோ அக்கா? நான் எங்கையிருந்து எடுக்கிறது? கஸ்டமர் தாற காசு அப்பிடியே கிடக்கு. வருசக்கணக்கா அப்பிடியேதான் கிடக்கு."

அது உண்மையான பயம். அதை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன கடைசி வசனத்தில் கதவு ஒன்று திறந்திருப்பது தெரிந்தது.

"தங்கராசா அண்ணை உங்களிட்டை மூண்டு தரம் கேட்டிருக்கிறார்" என்றேன். "நீங்கள் உங்கட கஸ்டமரிட்டை எத்தினை தரம் கேட்டனீங்கள்?"

யோகன் என்னைப் பார்த்தார். தங்கராசா அண்ணையைப் பார்த்தார். "கேக்கேல்ல" என்றார். பிறகு, "பயம். கேட்டா வேறை ஆளுக்குக் குடுத்திடுவான் எண்டு பயம்" என்றார்.

"எனக்கும் அந்தப் பயம்தான் மனே" என்றார் தங்கராசா அண்ணை. "அதான் டை கட்டிட்டு வந்த."

யோகன் சிரித்துவிட்டார். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தார். தங்கராசா அண்ணையும் சிரித்தார். ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் வெளியே நின்றவர்கள் கதவடிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

நான் மற்றவர்களையும் விடாமல் நேர்முகம் கண்டேன். விளையாட்டுக்காக அல்ல. ஒவ்வொருவரும் விண்ணப்பித்திருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் அந்த மரியாதை உரியது. ஒருவர் மட்டும் செல்வகுமாரைப் பற்றிக் கடுமையாகப் பேசினார். "நேற்று வந்தவனுக்கு எங்களை விடக் கூடவோ?" என்றார்.

"அவர் குறையத் தாங்கோ எண்டுதான் என்னட்டைக் கேட்டவர்" என்றேன். "நான்தான் மாட்டன் எண்டனான். அவர் குறைச்சு வந்திருந்தா இந்தச் சம்பளம் விளம்பரத்தில வந்திருக்காது. நீங்களும் கண்டிருக்கமாட்டியள்."

உண்மையைச் சொன்னால், நான் வாய்விட்டுச் சொன்னபோதுதான் எனக்கே அது முழுதாக விளங்கியது. வெளிநாட்டுக்காரருக்காகப் போட்ட விதி என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தது, அந்த யார்டில் குடிமக்களாக நின்றவர்களுக்கே வெளிச்சம் காட்டியிருந்தது.

திங்கட்கிழமை யோகன் தன் கஸ்டமரிடம் போனார். சாரதிகள் எல்லோரும் கூடச் சம்பளம் தரும் வேலைக்கு விண்ணப்பித்துவிட்டார்கள் என்று சொன்னாராம். அது பொய்யும் இல்லை. அவர்கள் முறுக்கினார்கள், நேரம் எடுத்தார்கள், கடைசியில் யோகன் கேட்டதில் பெரும்பகுதியைக் கொடுத்தார்கள். வேறொரு ட்ரக் கொம்பனியைத் தேடி, வேலை பழக்கி எடுப்பது அவர்களுக்கும் தலையிடிதானே. மீதியை யோகன் தன் பக்கத்தில் ஏற்றுக்கொண்டார். சாரதிகள் அத்தனை பேருக்கும் விளம்பரத்தில் இருந்த சம்பளம் வந்தது. சட்டம் அதைக் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை கேட்டது.

எல்லோருக்கும் கூட்டிய பிறகும் அந்த இரண்டு ட்ரக்கும் அப்படியேதான் நின்றன. ஓட்ட ஆளில்லை. செல்வகுமார் தேவை என்பது இப்போது முன்பை விடத் தெளிவாகத் தெரிந்தது. விண்ணப்பத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதினேன். இத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எல்லோரும் இந்தக் கொம்பனியின் ஊழியர்களே, எல்லோரும் தகுதியானவர்கள், எல்லோருடைய சம்பளமும் விளம்பரத்தில் சொன்ன அளவுக்கு உயர்த்தப்பட்டது, எல்லோரும் தங்கள் ட்ரக்கிலேயே தொடர்கிறார்கள், வெற்றிடம் அப்படியே இருக்கிறது. இப்படி எழுதினால் அதிகாரி குழம்பிவிடுவார், மழுப்பி எழுதுங்கள் என்று எனக்குத் தெரிந்த இன்னொரு ஆலோசகர் சொன்னார். நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். இளம் பெண் குரல். தான் சரியாகத்தான் வாசித்தேனா, ஊழியர்கள் தங்கள் வேலைக்கே விண்ணப்பித்தார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆம் என்றேன். நேர்முகமும் நடந்ததா என்றார். நடந்தது, ஒருவர் டை கட்டி வந்தார் என்றேன். சிரிப்பை அடக்கி அலுவலகக் குரலைக் காப்பாற்ற அவர் பாடுபடுவது தெரிந்தது. உயர்த்திய சம்பளத்துக்கு அத்தாட்சி கேட்டார், அனுப்பினேன். அனுமதி, செல்வகுமாரின் தவணை முடிய முன்னர் கைக்கு வந்தது.

செய்தியைச் சொல்ல அழைத்தபோது செல்வகுமார், "அந்தச் சம்பளமே தானுங்களா மேடம்?" என்று கேட்டார். "அதே சம்பளம்தான். எல்லாருக்கும் அதேதான்" என்றேன். "அப்படின்னா சரிங்க. இப்ப நான் அவங்க மூஞ்சியைப் பார்த்துப் பேசலாம்" என்றார். முதல் நாள் அவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு பாதை காட்டப் போனவர், நேற்று வந்தவனுக்குக் கூடவோ என்று கேட்ட அதே ஆள்.

இந்த அலுவலால் சில கட்சிக்காரர்களை இழந்தேன். "அந்த மனிசியிட்டைப் போனா உங்கட ஆக்களுக்கெல்லாம் சம்பளம் கூட்டவைக்கும்" என்று முதலாளிமார் சிலர் பேசிக்கொண்டார்களாம். அந்தப் பேச்சை நான் ஒருநாளும் மறுக்கவில்லை. இன்னும் சில முதலாளிமார் அதே பேச்சைக் கேட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். அவர்களோடு வேலை செய்வது சுகமாக இருந்தது.

நான் ஓய்வு பெற்ற பிறகு, தங்கராசா அண்ணையின் மகளின் கல்யாண வரவேற்பு மார்க்கம் நகரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நானும் என் கணவரும் போயிருந்தோம். எங்கள் மேசையில் யோகனும், புதிதாக ட்ரக் தொழில் தொடங்கிய ஒரு இளைஞரும் இருந்தார்கள். டிரைவர்மார் நிற்கிறார்களில்லை என்று அந்த இளைஞர் குறைப்பட்டார்.

யோகன் கதிரையில் சாய்ந்துகொண்டார். "தம்பி, நான் ஒண்டு சொல்லுறன் கேளும். அந்த ஏரியாவில நடக்கிற சம்பளத்துக்குக் கீழ ஒருத்தனுக்கும் குடுக்கக் கூடாது. வெளியால இருந்து வந்தவனோ உள்ளுக்க இருக்கிறவனோ, எல்லாருக்கும் ஒண்டுதான். நான் உதை ஒருத்தரும் சொல்லித்தராமலே எப்பவோ விளங்கிக்கொண்டனான்."

என் கணவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தார். மேசைக்குக் கீழே அவருடைய கையை அழுத்திப் பிடித்தேன். அதே நேரம் பெண்ணின் தகப்பனாக, பட்டுவேட்டியும் மாலையுமாக, மேசை மேசையாக விசாரித்துக்கொண்டு வந்த தங்கராசா அண்ணை எங்களுக்குப் பின்னால் நின்றார். யோகன் சொன்னதைக் கேட்டிருந்தார்.

"ஓம் தம்பி" என்றார் அந்த இளைஞரிடம், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "எங்கட முதலாளி அந்தக் காலத்திலயே அப்பிடித்தான்."

சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். இளைஞர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். யோகன் இன்னும் பல நுணுக்கங்களை அவருக்கு விளக்கினார். எல்லாம் சரியான நுணுக்கங்கள்.

நான் எழும்பிப் போய் வட்டிலப்பம் எடுத்து வந்தேன். சீனி வேண்டாம் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு இரண்டு தரம் எடுத்துச் சாப்பிட்டேன்.